முள் சொன்னதும் டேங்க் சொன்னதும்

முருகன் வள்ளியை மணந்து, சினம் தணிந்து அமர்ந்த தலம் என்று போற்றப்படும் ஊர் திருத்தணி. ஆகவே முகூர்த்த நாள் வந்துவிட்டால் மலையடிவாரத்துக் கல்யாண மண்டபங்கள் நிரம்பி வழிகின்றன. ஒவ்வொரு மண்டபத்தின் பின்புறத்திலும் ஒரு சிறு கொட்டகை இருக்கும். அதனுள்ளே டீசலில் ஓடும் ஒரு ஜெனரேட்டர் இருக்கும். மின்சாரம் நின்றால் விளக்கு, மின்விசிறி, தண்ணீர்ப் பம்பு, நாதஸ்வரக்காரரின் ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் அதுவே துணை.

அப்படி ஒரு மண்டபத்தை மனக்கண் முன் நிறுத்திக் கொள்வோம். ஜெனரேட்டரின் டேங்க் 100 லிட்டர் கொள்ளும். சில நாட்களுக்கு முன் அதன் டீசல் கேஜ் பழுதாகிவிட்டது. முள் அசையவே இல்லை. கடையிலிருந்து புதிய கேஜ் ஒன்றை வாங்கி வந்து பொருத்தினார்கள். அப்போது டேங்க்கில் பாதி டீசல் இருந்தது. புதிய முள்ளும் ஏறக்குறையப் பாதியையே காட்டியது. ‘சரியாகிவிட்டது’ என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

திருமணத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு மின்பாதையில் பழுது. இரவு 11 மணி வரை ஜெனரேட்டர் ஓடியது. மறுநாள் விடியற்காலை 4 மணிக்கு மீண்டும் ஓட்டினார்கள். அப்போது முள் பாதியைத் தாண்டி, முழு அளவை நெருங்கி நின்றது. ‘இரவில் யாரோ டீசல் ஊற்றியிருக்கிறார்கள்’ என்று மேலாளர் நினைத்துக்கொண்டார். யார் ஊற்றியது என்று அவர் கேட்கவில்லை. காலை 9.30 மணி. கெட்டிமேளம் கொட்டும் வேளை. ஜெனரேட்டர் இரண்டு முறை இருமியது, நின்றுவிட்டது.

ஓடி வந்த மெக்கானிக் டேங்க்கின் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு எடுத்தார். நுனி மட்டுமே நனைந்திருந்தது.

“அண்ணே, டேங்க் காலி.”

“என்ன தம்பி சொல்றே? முள் முழுசா காட்டுதே!”

இருவர் சொன்னதும் உண்மைதான். டேங்க் காலியாகத்தான் இருந்தது. முள்ளும் முழு அளவைத்தான் காட்டியது. இது எப்படி நேர முடியும்? இதற்கு விடை தெரிந்துவிட்டால், டீசல் கேஜை மாற்றும் வேலையில் எங்கே விழிப்பாக இருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முள் எதை அளக்கிறது?

டீசல் கேஜ் டீசலை அளப்பதில்லை. இதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். அது அளப்பது மின்தடையை மட்டுமே.

டேங்க்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அது ஒரு தண்டின் நுனியில் பொருத்தப்பட்டிருக்கும். டீசல் மட்டம் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். தண்டின் மறுமுனை ஒரு மின்தடைப் பட்டையின் மேல் உரசி நகர்கிறது. வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழைத் திருகுகிறோமே, அதற்குள் நடப்பதும் இதுவேதான். இந்த அமைப்பு முழுவதையும் மெக்கானிக்குகள் டேங்க் யூனிட் என்பார்கள். அதிலிருந்து ஒரு கம்பி, முன்பலகையிலுள்ள கேஜுக்குச் செல்கிறது.

கேஜின் உள்ளே என்ன இருக்கிறது? பெரும்பாலான கேஜுகளில் கோணம் மாற்றி வைக்கப்பட்ட கம்பிச்சுருள்களும் அவற்றின் நடுவே ஒரு சிறு காந்தமும் இருக்கும். முள் இந்தக் காந்தத்தோடு சேர்ந்தது. ஒரு சுருள் முள்ளை ஒரு பக்கம் இழுக்கும். மற்றொன்று மறுபக்கம் இழுக்கும். டேங்க் யூனிட்டின் மின்தடை மாறும்போது சுருள்களில் ஓடும் மின்னோட்டத்தின் பங்கு மாறுகிறது. எந்த இழுப்பு ஓங்குகிறதோ அந்தப் பக்கம் முள் சாய்கிறது. இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை உண்டு. 12 வோல்ட் பேட்டரி, எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் அளவுக்கு உயரும். ஆனால் இரு பக்க இழுப்பும் ஒரே விகிதத்தில் கூடுவதால் முள் இடம் மாறாது.

ஆக, டீசலின் மட்டம் மிதவையின் உயரமாகிறது, உயரம் மின்தடையாகிறது, மின்தடை மின்னோட்டமாகிறது, மின்னோட்டம் முள்ளின் சாய்வாகிறது. ஒரு செய்தி நான்கு கை மாறி நம்மிடம் வந்து சேர்கிறது. இடையில் ஒருவர் மாற்றிச் சொன்னாலும் கடைசியில் வருவது பொய்தான்.

இரண்டு மொழிகள்

மேலே சொன்ன மண்டபத்தில் மாற்றிச் சொன்னவர் யார்? டேங்க் யூனிட்டிலும் பழுதில்லை, கேஜிலும் பழுதில்லை. இரண்டும் வெவ்வேறு மொழி பேசின. அவ்வளவுதான்.

டேங்க் காலியாக இருக்கும்போது எத்தனை ஓம், நிறைந்திருக்கும்போது எத்தனை ஓம் என்பதற்கு உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே கணக்கு இல்லை. வழக்கிலுள்ள பலவற்றில் இரண்டைப் பார்ப்போம். அமெரிக்க வழக்கில், டேங்க் காலி என்றால் 240 ஓம். நிறைந்தால் 33 ஓம். ஐரோப்பிய வழக்கில் காலி என்றால் 10 ஓம். நிறைந்தால் 180 ஓம். ஒன்றில் டீசல் கூடக்கூட மின்தடை குறைகிறது. மற்றதில் டீசல் கூடக்கூட மின்தடையும் கூடுகிறது.

அமெரிக்க வழக்கு டேங்க் யூனிட்டோடு ஐரோப்பிய வழக்குக் கேஜை இணைத்தால் என்ன ஆகும்? டேங்க் காலியானதும் யூனிட் 240 ஓம் என்கிறது. கேஜுக்கோ 180 ஓம் வந்தாலே முழு டேங்க். ஆகவே முள் ‘முழு’ என்ற கோட்டையும் தாண்டி நிற்கும். டேங்க் நிறைந்திருந்தால் யூனிட் 33 ஓம் என்னும். முள் அடிமட்டத்தை ஒட்டி நிற்கும்.

சரி, பொருத்திய அன்றே ஏன் தெரியவில்லை? இங்கேதான் சூழ்ச்சி இருக்கிறது. டேங்க் பாதியாக இருக்கும்போது அமெரிக்க வழக்கு யூனிட்டின் மின்தடை 100 ஓமை ஒட்டி இருக்கும். ஐரோப்பிய வழக்கிலும் பாதி என்பது 100 ஓமை ஒட்டியதே. தலைகீழான இரு கணக்குகளும் நடுவில் சந்தித்துக் கொள்கின்றன! பாதி டேங்க்கில் வைத்துச் சோதித்தவர்கள் ஏமாந்ததில் வியப்பில்லை. நின்றுபோன கடிகாரமும் ஒரு நாளில் இரு முறை சரியான நேரம் காட்டும் அல்லவா?

இனி மண்டபத்தின் கணக்கைப் பார்ப்போம். இத்தகைய ஜெனரேட்டர் ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய மூன்றரை யூனிட் மின்சாரம் தரும் என்று கொள்வோம். மண்டபத்தின் சுமை 14 கிலோவாட் என்றால் மணிக்கு 4 லிட்டர் செலவாகும். மாலையில் இருந்தது 50 லிட்டர். 6 மணி நேரத்தில் 24 லிட்டர் தீர்ந்து 26 லிட்டர் மிஞ்சியது. காலையில் ஐந்தரை மணி நேரத்தில் 22 லிட்டர் தீர்ந்தது. மிச்சம் 4 லிட்டர். அதுவும் பயன்படாது; எஞ்சினுக்கு டீசல் எடுக்கும் குழாய், டேங்க்கின் அடித்தட்டைத் தொடாமல் சற்று மேலேயே நின்றுவிடும். அடியில் தங்கும் தண்ணீரும் துருவும் எஞ்சினுக்குப் போகக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஆகவே 4 லிட்டர் இருந்தும் எஞ்சின் நின்றது. ஒரு பென்சிலும் காகிதமும் முந்தைய இரவே இந்த நேரத்தைச் சொல்லியிருக்கும்.

டீசல் ஊற்றினால் உடனே ஓடுமா?

ஓடாது. டீசல் எஞ்சினைக் காலி டேங்க்கில் நிற்க விடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பழைய முறை டீசல் எஞ்சினில் ஒரு பம்பு டீசலை ஏறக்குறைய 200 வளிமண்டல அழுத்தத்துக்கு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில்தான் உருளையின் மேலுள்ள தெளிப்பான் திறந்து டீசலைப் புகையாகச் சிதறடிக்கும். திரவத்தை அழுத்தினால் அது சுருங்குவது மிகச் சிறிதே. அழுத்தம் நேராகப் போய்ச் சேரும். காற்று அப்படியன்று. அது பஞ்சுபோல் சுருங்கி, கொடுத்த அழுத்தத்தைத் தன்னுள்ளேயே விழுங்கிவிடும். டேங்க் காலியாகும்போது குழாயில் காற்று புகுந்துவிடுகிறது. பிறகு எவ்வளவு டீசல் ஊற்றினாலும் தெளிப்பான் திறப்பதில்லை. இதைத்தான் மெக்கானிக்குகள் ‘ஏர் பிடித்துவிட்டது’ என்கிறார்கள். வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருந்தால் முதலில் நுரையும் குமிழுமாக வரும். குமிழ் நின்று தெளிந்த டீசல் வந்ததும் திருகை இறுக்க வேண்டும். பழகிய கைக்கும் இதற்குச் சற்று நேரம் பிடிக்கும். முகூர்த்தமோ காத்திருக்காது. மண்டபத்தில் மணமக்கள் இருட்டில் தாலி கட்டிக்கொள்வார்கள், அதோடு போகும். மருத்துவமனையில் இதே ஜெனரேட்டர் நின்றால்?

வானத்திலும் நடந்தது

பாகம் பொருந்தினால் போதும், அளவும் பொருந்திவிடும் என்ற நம்பிக்கை மண்டபத்தோடு நிற்பதில்லை. 2005 ஆகஸ்டு 6 அன்று துனிசிய நாட்டு விமானம் ஒன்று, இத்தாலியின் பாரி நகரிலிருந்து துனிசியாவின் ஜெர்பா தீவுக்குப் புறப்பட்டது. அது ஏடிஆர்-72 வகை. அதற்கு முந்தைய நாள் அதன் எரிபொருள் மானி பழுதாகி, வேறு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. பொருத்தப்பட்டதோ ஏடிஆர்-42 வகைக்கு உரியது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒரே இடத்தில் ஒழுங்காகப் பொருந்தும். ஆனால் இரு விமானங்களின் தொட்டிகளும் வெவ்வேறு. ஆகவே மானிகளின் கணக்கும் வெவ்வேறு.

புதிய மானி, இருந்ததைவிட மிகுதியான எரிபொருளைக் காட்டியது. யாரோ எரிபொருள் ஊற்றியிருக்க வேண்டும் என்று கருதினார்கள். ஊற்றியதற்கான சீட்டு கையில் இல்லை. ஆயினும் விமானம் புறப்பட்டது. நடுவானில் இரண்டு எஞ்சின்களும் அடுத்தடுத்து நின்றன. சிசிலித் தீவுக்கு அருகே விமானம் கடலில் இறங்கிற்று. அதிலிருந்த 39 பேரில் 16 பேர் இறந்தனர்.

மானியை நம்பாமல் குச்சி விட்டு அளந்தால் மட்டும் போதுமா? 1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்தது இதற்கு விடை. ஒரு போயிங் 767 விமானத்தின் எரிபொருள் மானி வேலை செய்யவில்லை. தொட்டியில் உள்ளதை அளவுக்கோல் கொண்டு அளந்தார்கள். அளந்ததில் தவறில்லை. லிட்டரை எடையாக மாற்றும்போது, லிட்டருக்கு 0.8 கிலோ என்று கணக்கிடுவதற்குப் பதிலாக 1.77 என்ற எண்ணைப் பயன்படுத்தினார்கள். அது லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்பதற்கான எண்! விளைவு, வேண்டியதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு விமானம் பறந்தது. 41,000 அடி உயரத்தில் எஞ்சின்கள் நின்றன. விமானி அதைச் சறுக்கு விமானம்போல் ஓட்டிச் சென்று, கிம்லி என்ற ஊரிலிருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். 69 பேரும் உயிர் பிழைத்தனர்.

மண்டபத்துக்கும் இந்த இரண்டு விமானங்களுக்கும் பொதுவான பாடம் ஒன்றே. அளவு என்பது ஒரு மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பைச் சரிபார்க்காமல் நம்பக் கூடாது.

பழுது எங்கே என்று அறிவது எப்படி?

முள் தவறாகக் காட்டினால் உடனே கேஜை மாற்ற வேண்டியதில்லை. பழுது கேஜிலும் இருக்கலாம், கம்பியிலும் இருக்கலாம், டேங்க் யூனிட்டிலும் இருக்கலாம். இதைக் கண்டறியும் சோதனை எளிது. இதை டேங்க்கின் அருகில் அல்லாமல் முன்பலகையில் செய்ய வேண்டும். காரணத்தைப் பின்னர் காண்போம்.

எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பிக் கேஜுக்கு மின்சாரம் கொடுங்கள். டேங்க்கிலிருந்து வரும் கம்பியைக் கேஜின் பின்புறத்திலிருந்து கழற்றுங்கள். முள் ஒரு கோடிக்குப் போக வேண்டும். பிறகு கேஜின் அதே முனையை ஒரு கம்பியால் எஞ்சின் உடலோடு, அதாவது பாடி எர்த்தோடு, தொட்டுக் காட்டுங்கள். முள் மறுகோடிக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் கேஜ் நன்றாக இருக்கிறது. பழுது கம்பியிலோ டேங்க் யூனிட்டிலோதான். முள் அசையாவிட்டால் கேஜுக்கு 12 வோல்ட் வருகிறதா, கேஜின் எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் கேஜ்தான் பழுது.

இதே சோதனை கேஜ் எந்த மொழி பேசுகிறது என்பதையும் காட்டிக் கொடுக்கும். கம்பியைக் கழற்றியதும் முள் ‘காலி’ப் பக்கம் போனால் அது 240–33 போன்ற வகை. ‘முழு’ப் பக்கம் போனால் 10–180 போன்ற வகை.

டேங்க் யூனிட்டின் பழுதுகளும் முள்ளின் நடத்தையிலேயே தெரியும். மிதவை ஓட்டையாகி மூழ்கிவிட்டால் முள் எப்போதும் காலி என்றே காட்டும். மின்தடைப் பட்டை தேய்ந்துவிட்டால், குறிப்பிட்ட மட்டம் வந்ததும் முள் துள்ளும். யூனிட்டின் திருகுகளுக்கு அடியில் துரு ஏறினால், அதுவும் ஒரு மின்தடையாகச் சேர்ந்துகொண்டு முள்ளை இடம் மாற்றிவிடும். இந்தக் கடைசிப் பழுதுக்குப் புதிய பாகம் எதுவும் வேண்டாம், உப்புத்தாள் போதும்.

மாற்றும் முறை

டேங்க் யூனிட்டை மாற்றுவதானால், முதலில் எஞ்சின் நன்றாக ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிடுங்கள். டீசல் எளிதில் பற்றாது என்பது பொதுவான எண்ணம். டீசலின் ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது இந்திய நியமம். திருத்தணியிலோ கோடைப் பகலில் நிழலிலேயே வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவதுண்டு. தகரக் கொட்டகைக்குள் அதைவிடக் கூடுதலாக இருக்கும். எனவே திறந்த டேங்க்கின் அருகே ஒரு சிறு பொறியும் கூடாது. சோதனையை முன்பலகையில் செய்யச் சொன்னது இதனால்தான். இந்த வேலைக்குக் காலை நேரமே நல்லது.

யூனிட்டைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்த பிறகே திருகுகளைக் கழற்ற வேண்டும்; இல்லாவிட்டால் தூசி டேங்க்குக்குள் விழும். பழைய யூனிட்டை வெளியே எடுத்து நன்றாகத் துடைத்து, டேங்க்கிலிருந்து தள்ளிக் கொண்டுபோய், மல்ட்டிமீட்டரால் அளந்து பாருங்கள். மிதவையைக் கீழ்க்கோடியில் வைத்து ஓர் அளவு, மேல்கோடியில் வைத்து ஓர் அளவு. இந்த இரண்டு எண்களையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். ‘ஜெனரேட்டர் கேஜ் கொடுங்கள்’ என்று கேட்காமல் இந்த எண்களைச் சொல்லிக் கேளுங்கள். மண்டபத்தில் வேண்டியிருந்தது இந்தச் சீட்டு ஒன்றுதான்.

புதிய யூனிட்டின் தண்டு, டேங்க்கின் ஆழத்துக்குப் பொருந்த வேண்டும். மிதவை அடித்தட்டில் இடிக்கவும் கூடாது, மேல் தகட்டில் முட்டவும் கூடாது. பல யூனிட்டுகளில் ஐந்து திருகுத் துளைகள் சம இடைவெளியில் இல்லாமல் இருக்கும். யூனிட் ஒரே ஒரு நிலையில்தான் உட்கார வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது, பலவந்தம் வேண்டாம். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாமல் புதியது போடுங்கள். எர்த் கம்பியை மறக்காதீர்கள்.

பொருத்திய பின் சோதனை. டேங்க் காலியாக இருக்கும்போது ஒரு முறையும், நிறைந்திருக்கும்போது ஒரு முறையும் முள்ளைப் பாருங்கள். பாதியில் மட்டும் பார்த்துவிட்டுக் கருவிகளைக் கட்டி வைக்காதீர்கள்.

குச்சி ஒன்று இருக்கட்டும்

எவ்வளவு நல்ல கேஜ் இருந்தாலும் கொட்டகையில் ஓர் அளவுக் குச்சியும் இருக்கட்டும். டேங்க்கில் 10 லிட்டர் ஊற்றிக் குச்சியை நிமிர்த்தி விட்டு எடுத்து, நனைந்த இடத்தில் ஒரு கோடு. அடுத்த 10 லிட்டருக்கு அடுத்த கோடு. நீள்சதுர டேங்க்கில் இந்தக் கோடுகள் சம இடைவெளியில் வரும். படுக்க வைத்த உருளை டிரம்மில் அப்படி வராது. 200 லிட்டர் டிரம் படுக்கையாக இருந்து, விட்டத்தில் கால் பங்கு உயரத்துக்கு டீசல் நின்றால், உள்ளே இருப்பது 50 லிட்டர் அன்று, 39 லிட்டரே. பத்தில் ஒரு பங்கு உயரம் என்றால் 20 லிட்டர் அன்று. சுமார் 10 லிட்டர்தான். முள் அடியை நெருங்கும்போது டீசல் ‘திடீரென்று’ தீர்ந்துபோவதாகப் பலர் குறைப்படுவது இதனால்தான்.

மாணவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மூடியுள்ள ஓர் உருளை டப்பாவைப் படுக்க வைத்து, பக்கத்தில் ஒரு துளையிட்டு, டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒவ்வொரு டம்ளருக்கும் குச்சியில் ஒரு கோடு இடுங்கள். அடியிலும் மேலும் கோடுகள் விலகியும் நடுவில் நெருங்கியும் வருவதைக் காண்பீர்கள்.

குச்சியோடு ஒரு நோட்டும் தொங்கட்டும். எத்தனை மணிக்கு ஓட்டினோம், எப்போது நிறுத்தினோம், எத்தனை லிட்டர் ஊற்றினோம் என்று மூன்றே பத்திகள். முள், குச்சி, நோட்டு ஆகிய மூன்றும் ஒன்றையே சொன்னால் நிம்மதியாக இருக்கலாம். ஒன்று மட்டும் மாறிச் சொன்னால் அன்றே காரணத்தைத் தேட வேண்டும். ஊற்றாத டீசல் கூடியிருப்பதாக முள் காட்டினால் மகிழ்ச்சி அடையாதீர்கள். “யார் ஊற்றியது?” என்று கேளுங்கள்.